கச்சான் சோஸ் இறுகிவிட்டதா? இன்னும் கொஞ்சம் சுடுநீர் விடுங்கள்

கேள்வி: யாழ்ப்பாண நகரில் வேலை முடிந்து கோண்டாவிலுக்கு வந்து சேர மாலை ஆறரை மணியாகிவிடுகிறது. பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்பதால் அவசரத்துக்கு நூடில்ஸ் அவிப்பேன். அண்மையில் கச்சானை அரைத்து சோஸ் செய்து பார்த்தேன். தண்ணீர் விட்டதும் களிபோல் இறுகிவிட்டது. நூடில்ஸும் ஒரே உருண்டையாக ஒட்டிக்கொண்டது. எங்கே பிழை? வீட்டில் உள்ள சாமான்களை வைத்தே இதைச் செய்யலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் செய்ததில் பெரிய பிழை எதுவும் இல்லை. பாதியில் பயந்து நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கச்சானில் ஏறத்தாழ பாதி எண்ணெய். அரைத்த விழுது என்பது அந்த எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய துகள்கள்தான். ஒரு கரண்டி தண்ணீர் விட்டவுடன் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, விழுது இறுகுகிறது. அந்த நேரத்தில் பலரும் தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணிக் கையை எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் தண்ணீர் போதவில்லை. சுடுநீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு, விடாமல் அடித்துக் கலக்குங்கள். மூன்றாவது, நான்காவது கரண்டியில் விழுது சட்டென்று இளகும். கபில நிறம் வெளிறி, பாற்கோப்பி நிறத்துக்கு வரும். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் வழியும். அதுதான் பதம். ஆறினால் மீண்டும் தடிக்கும் என்பதால், தேவைக்குச் சற்று இளக்கமாகவே விட்டுவிடுங்கள்.

இருவருக்கு அளவு சொல்கிறேன். கச்சான் விழுது மூன்று மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீவிய பனங்கட்டி இரண்டு தேக்கரண்டி, தட்டிய உள்ளி ஒரு பல்லு, கட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. பனங்கட்டியை முதலில் சுடுநீரில் கரைத்துக்கொண்டால் பல்லில் கடிபடாது. தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி, ஆனால் கடைசியில்தான். சூட்டில் அதன் வாசம் பறந்துவிடும். கடையில் வாங்கிய பீநட் பட்டர் என்றால் பெரும்பாலும் அதிலேயே சீனியும் உப்பும் இருக்கும். பனங்கட்டியைத் தவிர்த்து, சோயா சோஸையும் சுவை பார்த்தே விடுங்கள். நமது கறித்தூளைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும் வந்தால் கச்சானின் வாசம் எழும்பவே மாட்டாது.

சோஸை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவும் வேண்டாம். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், அடி பிடிக்கும். கொதிநீரின் சூடே போதும்.

இனி நூடில்ஸ். அவித்து வடித்து வைத்துவிட்டு அதன் பிறகு சோஸ் கலக்கத் தொடங்கினால், மேலே படிந்திருக்கும் மாப்பசை காய்ந்து ஒட்டத்தான் செய்யும். ஆகவே சோஸை முதலில் தயாராக்குங்கள். நூடில்ஸ் அவிந்ததும் அந்தத் தண்ணீரில் அரைக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு வடித்து, சூடு ஆறுமுன் சோஸில் போட்டுப் பிரட்டுங்கள். இறுகினால் எடுத்துவைத்த தண்ணீரில் இரண்டு கரண்டி விடுங்கள். அதிலுள்ள மா, சோஸை இழையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பைக்கற் நூடில்ஸ் என்றால் உள்ளே வரும் தூளைப் போட வேண்டாம், உப்பு கரித்துவிடும். கரட்டையும் கோவாவையும் மெல்லியதாக அரிந்து, நூடில்ஸ் கொதிக்கும் கடைசி நிமிடத்தில் அதே பானையில் போட்டால் வேறு தாச்சி தேவையில்லை.

வேலை நாளில் கச்சான் வறுத்துக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கச்சான் பருப்பை மெல்லிய நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, கசக்கித் தோலைப் புடைத்துவிட்டு, இளஞ்சூட்டிலேயே கிரைண்டரில் போடுங்கள். முதலில் தூளாகும், பிறகு உருண்டு ஓரத்தில் ஒட்டும். வழித்துவிட்டு, இயந்திரம் சூடாகாமல் இடையிடையே நிறுத்தி அரைத்தால் எண்ணெய் கசிந்து மினுங்கும் விழுதாகும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. ஈரமில்லாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாராளமாக இருக்கும். நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய, மணலில் வறுத்த கச்சான் மீந்திருந்தால் அதையும் அரைக்கலாம். உடைக்குமுன் கோதைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் போதும், முழு விழுதும் நறநறக்கும்.

சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது, கசப்பது எதையும் அரைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லாடொக்சின் என்ற நச்சு உருவாகக்கூடும். அது ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுமையாக அழியாது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நூடில்ஸ் இல்லாத நாளில் காலையில் மீந்த இடியப்பத்தை நீராவியில் சூடாக்கி, இதே சோஸை மேலே ஊற்றிக் கொடுங்கள். பிரட்டினால் உடைந்துவிடும். இடியப்பத்துக்குச் சுடுநீருக்குப் பதில் சூடாக்கிய தேங்காய்ப்பால் விட்டால் இன்னும் பொருந்தும். அப்படிச் செய்த சோஸை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். பிள்ளைகளின் நண்பர்கள் யாராவது சாப்பிட வந்தால், கச்சான் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்ட பிறகே பரிமாறுங்கள்.