சப்வூஃபர் தூரத்தை ரிசீவர் ஏன் கூட்டிக் காட்டுகிறது?

உட்காரும் இடத்திலிருந்து டேப்பில் அளந்தால் சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) 3 மீட்டர், ஹோம் தியேட்டர் ரிசீவரின் தானியங்கி அளவீட்டிலோ 5 மீட்டர். எதை வைப்பது என்று கேட்கிறீர்கள்.

5 மீட்டரையே வையுங்கள். ரிசீவர் அளப்பது ஒலி வந்து சேரும் நேரத்தை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2.9 மில்லிநொடி. சப்வூஃபரின் லோ-பாஸ் ஃபில்டரும் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) டிஎஸ்பியும் (டிஜிட்டல் ஒலிச் செயலி) சேர்க்கும் தாமதம்தான் அந்தக் கூடுதல் 2 மீட்டர். தாமதமாக வருவதை முன்னுக்கு இழுக்க முடியாது என்பதால், ரிசீவர் முன் ஸ்பீக்கர்களைக் காத்திருக்க வைக்கிறது.

இது கவனிக்க வேண்டிய விஷயம்தான். 80 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 12.5 மில்லிநொடி. அதில் பாதி, அதாவது 6.25 மில்லிநொடி பிசகினால் கிராஸ்ஓவர் பகுதியில், அதாவது சப்பும் முன் ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒலிக்கும் அதிர்வெண்களில், இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். கிக் டிரம்மின் அடி மெலிந்துவிடும். பலர் அப்போது சப்பின் வால்யூமைக் கூட்டுகிறார்கள். அந்தப் பள்ளம் அதனால் நிரம்பாது.

சரிபார்க்க, சப்பின் போலாரிட்டியை (அலையின் பிளஸ்-மைனஸ் திசை) திருப்பிவிட்டு 80 ஹெர்ட்ஸ் டோனைச் சப்பிலும் முன் ஸ்பீக்கர்களிலும் ஒலிக்கவிடுங்கள். உட்காரும் இடத்தில் ஒலி மிகக் குறையும்வரை தூர அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அப்புறம் போலாரிட்டியைப் பழையபடி வையுங்கள். ஒரு முழுச் சுற்று தள்ளிப்போனாலும் இதே முடிவு வரும் என்பதால், ஆர்இடபிள்யூ (REW) என்ற ஒலி அளவீட்டு மென்பொருளும் அளவீட்டு மைக்கும் கொண்டு 40 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் செய்து (அதிர்வெண்ணைத் தொடர்ச்சியாக ஏற்றி ஒலிக்கவிட்டு) பார்ப்பது அவசியம். சப்பையோ சோபாவையோ நகர்த்தினால் மறுபடி அளக்க வேண்டும்.