இரவுச் சாப்பாட்டை வீட்டில் சமைத்தால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர். எனக்குத் துறைமுகப் பக்கம் வேலை, மனைவிக்குப் பாரிமுனையில். இருவரும் வீடு வந்து சேர எட்டு மணி ஆகிறது. வாரத்தில் ஐந்து இரவு வெளிச்சாப்பாடுதான். இரண்டு நாள் டெலிவரி ஆப்பில் பிரியாணியோ ஃபிரைட் ரைஸோ (650 ரூபாய்), இரண்டு நாள் பரோட்டா (350), ஒரு நாள் தெருமுனை இட்லி (150). கிரெடிட் கார்டில் 28,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. தினமும் வீட்டிலேயே சமைத்தால் எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: உங்கள் கணக்குப்படி வாரத்துக்கு 2,150, மாதத்துக்கு 9,200 ரூபாய் போகிறது. கண்டிப்பாகக் குறைக்கலாம். ஆனால் ஐந்து இரவையும் சமைத்தே தீர வேண்டும் என்று இறங்காதீர்கள். எட்டு மணிக்குக் களைத்து வருகிறவர்களால் அது மூன்று வாரம் தாங்காது. எந்த இரவில் அதிகம் மிச்சமோ அந்த இரவைப் பிடியுங்கள்.

இட்லியை எடுத்துக்கொள்வோம். மாவு பாக்கெட், சட்னிக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, கேஸ் எல்லாம் சேர்த்தால் வீட்டிலும் 110 ரூபாய் ஆகும். நாற்பது ரூபாய்க்காக அடுப்படியில் நிற்க வேண்டாம். தெருமுனையில் இட்லி விற்கும் அக்காவிடமே வாங்குங்கள்.

பணம் கரைவது ஆப்பில்தான். அடுத்த முறை பில்லை முழுதாகப் படித்துப் பாருங்கள். உணவின் விலைக்கு மேல் பேக்கிங், டெலிவரி, ஆப்பின் கட்டணம், 5 சதவீத ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கும். பல கடைகளில் ஆப்பில் போட்டிருக்கும் விலையே நேரில் வாங்கும் விலையைவிட அதிகம்.

சரி, அதே பிரியாணியை வீட்டில் செய்தால்? ஒரு கிலோ கோழி, அரிசி, தயிர், புதினா, எண்ணெய், மசாலா என்று 450 ரூபாய் வந்துவிடும். மிச்சம் 200தான், வேலையோ இரண்டு மணி நேரம். அந்த இரவுகளில் முட்டைக் குழம்பும் சோறும் வைத்தால் ஐந்து பேருக்கு 160 ரூபாயில் முடியும். ஒரு இரவுக்கு 490 மிச்சம். இரண்டு பரோட்டா இரவில் ஒன்றைச் சப்பாத்தி குருமாவாக மாற்றினால் இன்னொரு 200. மூன்று இரவுக்கு 1,180 என்றால் மாதத்துக்கு 5,000 ரூபாய். அழுகிப்போகும் காய்க்கும், முடியாமல் ஆர்டர் போடும் ஓர் இரவுக்கும் ஆயிரத்தைக் கழித்து, கையில் 4,000 என்று வையுங்கள். இவை என் உத்தேச விலைகள், உங்கள் மளிகைக்கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை வாங்காமல் விடாதீர்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் மீனும் கட்டுப்படியாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் விலை ஏறும், அப்போது முட்டைக்கே திரும்புங்கள்.

சமைக்கப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அது முக்கியம். மனைவியும் உங்களைப் போலவே எட்டு மணிக்குத்தான் வருகிறார். அம்மாவால் முடிந்தால் சோறு மட்டும் வைக்கட்டும். வெங்காயம், தக்காளி வதக்கி ஞாயிற்றுக்கிழமையே ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பதும், சப்பாத்தி போடுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். ஒருவர் தலையில் மொத்தமும் விழுந்தால் மறுபடி ஆப்தான்.

அப்புறம், அந்த 4,000 எங்கே போக வேண்டும்? முதலில் கார்டுக்கு. மினிமம் தொகை மட்டும் கட்டி வந்தால், கார்டு பாக்கிக்கு மாதம் சுமார் 3.5 சதவீதம் வட்டி ஓடும். எந்தச் சேமிப்பும் அவ்வளவு தராது. புதிதாக எதையும் கார்டில் வாங்காமல் மாதம் 4,000 கட்டினால் ஒன்பதாவது மாதத்தில் பாக்கி தீரும். அதன்பின் அதே தொகையை அஞ்சலக ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் நீங்கள் கட்டுவது 2,40,000, கிடைப்பது சுமார் 2,85,000. சம்பளம் வந்த அன்றே இந்த 4,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். மாதக் கடைசியில் மீதி பார்த்துக் கட்டலாம் என்று வைத்தால் மீதி இருக்காது.