தகரக் கூரை சொட்டுகிறது, புழு விறைக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: ஓசூர் பக்கம் 150 முட்டைத் தொகுதி எடுத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். வளர்ப்பு மனைக்குத் தகரக் கூரை. மார்கழிக் குளிருக்காகச் சன்னல், மேல்துவாரம் எல்லாவற்றையும் பாலித்தீன் தாளால் மூடி, இரவில் கேஸ் ஹீட்டர் வைக்கிறேன். உள்ளே 25 டிகிரி இருக்கிறது. ஆனாலும் விடியற்காலையில் கூரை சொட்டிப் படுக்கை நனைகிறது. நான்காம் பருவப் (மூன்று முறை தோலுரித்த) புழுக்கள் சில விறைத்து வெள்ளையாகிவிட்டன. சூட்டைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். சொட்டுவதற்குக் காரணமே அந்த ஹீட்டரும் பாலித்தீனும்தான். 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். தழையும் எச்சமும் விடும் ஈரம் அதோடு சேர்கிறது. போக வழியில்லாத ஆவி, குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. இரவில் தகரம் 16 டிகிரிக்கு இறங்கினால், 25 டிகிரி மனையில் ஈரப்பதம் 57 விழுக்காட்டைத் தாண்டியதுமே வியர்க்கும். நான்காம் பருவத்துக்கோ 70 முதல் 75 வரை வேண்டும். ஆகவே ஈரத்தைக் குறைத்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. தகரத்துக்கும் மனைக் காற்றுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கேஸை நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட் உள்ள மின் ஹீட்டருக்கு மாறுங்கள். மூடிய மனையில் கேஸ் எரிப்பது உள்ளே போகும் ஆளின் உயிருக்கே ஆபத்து. மேல்துவாரங்களை இரவிலும் திறந்து வையுங்கள், ஊசி ஈ (புழுமேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணி ஈ) நுழையாதபடி வலை மட்டும் போதும். சன்னலில் இருக்கும் பாலித்தீனைக் கழற்றி, கூரைக்கு ஓரடி கீழே சுவர் பக்கம் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். சொட்டும் நீர் படுக்கையில் விழாமல் சுவரோரம் வழிந்துவிடும். வெளியே தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் தகரம் அவ்வளவு குளிராது. சாக்கை உள்கூரையாகக் கட்டுவோர் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும், வேண்டாம்.

விறைத்த புழுவுக்கு வந்திருப்பது சுண்ணாம்புக்கட்டி நோய், பூஞ்சையால் வருவது. இந்தப் பூஞ்சை வாய்வழி நுழைவதில்லை, தோலைத் துளைத்துப் போகிறது. நனைந்த படுக்கையும் 25 டிகிரியும் அதற்கு மிகத் தோதான இடம். செத்த புழு வெள்ளை பூத்தபின் தொட்டாலே வித்துகள் பறக்கும். எனவே விறைத்தவுடனே, வெளுக்கும் முன், இடுக்கியால் எடுத்து 2 விழுக்காடு பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டுப் பிறகு எரியுங்கள். 1 கிலோ கேயோலின் (வெள்ளைக் களிமண்) தூளுக்கு 20 கிராம் மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி கலந்து, துணியில் கட்டிப் படுக்கைமேல் தூவுங்கள். அரைமணி கழித்துத் தழை போடலாம். பனி காயாத தழையைப் போடவே கூடாது.

தோலுரிப்புக்குப் புழு அடங்கியதும் தழையை நிறுத்திச் நீற்றிய சுண்ணாம்புத் தூளைச் சதுர அடிக்கு 5 கிராம் வீதம் தூவிப் படுக்கையைக் காய வையுங்கள். ஈரம் தங்கினால் சில புழு முந்தித் தோலுரிக்கும், சில பிந்தும். பிறகு தழை போடும் கணக்கே குழம்பிவிடும்.

ஈரப்பதம் அளக்கும் ஈர-உலர் வெப்பமானியை வாசலோரம் மாட்டாமல் நடு அடுக்கில் படுக்கை மட்டத்தில் தொங்கவிடுங்கள். உலர் குமிழ் 25, ஈரக் குமிழ் 21 காட்டினால் ஈரப்பதம் சுமார் 70. ஐந்தாம் பருவத்துக்கு 24 டிகிரியும் 65 முதல் 70 வரை ஈரமும் போதும். கூடு கட்டும்போது 60 முதல் 65க்குள் வைத்து, சன்னல்களைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். நெட்ரிகாவில் (கூடு கட்ட வைக்கும் பிளாஸ்டிக் தட்டு) ஏறிய புழு கட்டுமுன் நிறையச் சிறுநீர் கழிக்கும். அந்த ஈரம் வெளியேறாவிட்டால் கூடு கறைபட்டு, இழை சீராகப் பிரியாமல் ஏலத்தில் விலை இறங்கும்.