பிளாக்லிஸ்ட்டில் போட்ட பிறகும் டிரைவர் தானாக ஏறுவது ஏன்?

உங்கள் கேள்வி இதுதானே: இரண்டாவது கிராபிக்ஸ் கார்டை அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும், அதற்காக என்விடியா கார்டுகளுக்கான நூவோ என்ற டிரைவரை பிளாக்லிஸ்ட் (தடைப்பட்டியல்) செய்துவிட்டீர்கள், ஆனாலும் ஒவ்வொரு முறை லினக்ஸ் பூட் ஆனதும் ஏறியிருக்கும் டிரைவர்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் அது வந்து நிற்கிறது. நீங்கள் தப்பாக எதுவும் செய்திருக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிளாக்லிஸ்ட் என்ற பெயரைப் பார்த்ததும் முழுத் தடை என்றுதான் எவருக்கும் தோன்றும், ஆனால் அது செய்யும் வேலை அதைவிட ரொம்பச் சின்னது.

ஒரு சாதனம் தட்டுப்பட்டதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் தயாரிப்பாளர் எண், சாதன எண் எல்லாவற்றையும் கோத்து மாட்அலையஸ் என்ற நீளமான சரமாக அனுப்புகிறது, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற நிரல் அதை வாங்கிப் பார்க்கிறது. ஒவ்வொரு டிரைவர் மாட்யூலும் (கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றப்படும் கோப்பு) தனக்குத் தெரிந்த சாதனங்களின் எண்களைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கும். எது பொருந்துகிறதோ அது ஏற்றப்படும். பிளாக்லிஸ்ட் வரி சொல்வதெல்லாம் “இந்த மாட்யூல் தன்னுள் வைத்திருக்கும் அந்தப் பட்டியலைக் கணக்கில் எடுக்காதே” என்பது மட்டும்தான். யாராவது பெயரைச் சொல்லி நேரடியாக ஏற்றினால் அது ஏறும். வேறொரு மாட்யூலுக்கு அது தேவைப்பட்டாலும் கூடவே ஏறும்.

முதலில் சாதாரண விஷயம் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இதில் நானே இரண்டு இரவுகளைத் தொலைத்திருக்கிறேன். ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக ஒரு யுஎஸ்பி டிவி ட்யூனர் வாங்கினேன், செருகியவுடன் கெர்னல் அதற்கு டிவி டிரைவரை ஏற்றிவிடும், என் ரேடியோ மென்பொருளோ சாதனத்தை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லி நின்றுவிடும். பிளாக்லிஸ்ட் வரியை எழுதினேன், பயனில்லை. கடைசியில் பார்த்தால் நான் உருவாக்கிய கோப்பின் பெயர் டாட் கான்ஃப் என்று முடியவில்லை. மாட்யூல்களை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளைக்கான அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப் டாட் டி அடைவில் அப்படி முடியாத கோப்பை யாரும் படிப்பதே இல்லை. அதனால் மாட்ப்ரோப் கட்டளையை ஒரு ஹைஃபனும் சின்ன சி எழுத்தும் சேர்த்து ஓட்டுங்கள். உண்மையில் படிக்கப்பட்ட எல்லா வரிகளும் வரும், உங்கள் வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரையும் சரிபாருங்கள்: சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் டிரைவர் பெயரும் மாட்யூல் பெயரும் எப்போதும் ஒன்றாக இருக்காது. யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு எக்ஸ்எச்சிஐ எச்சிடி என்று காட்டும், ஆனால் ஏறியிருக்கும் மாட்யூல் எக்ஸ்எச்சிஐ பிசிஐ. ஹைஃபனா அடிக்கோடா என்பது மட்டும் பிரச்சினை இல்லை, இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

அது சரியாக இருந்தால் அடுத்து நான் சந்தேகப்படுவது இனிட்ராம்எஃப்எஸ். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பூட் ஆகும்போது உங்கள் டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு முன்பே ஓடும் சின்ன கோப்பு அமைப்பு அது, அதற்குள் கிராபிக்ஸ் டிரைவரின் ஒரு பிரதியும் மாட்ப்ரோப் அமைப்புகளின் ஒரு பிரதியும் இருக்கும், அந்தப் பிரதி நீங்கள் வரியைச் சேர்ப்பதற்கு முந்தைய நாளுடையது. டெபியன், உபுண்டு என்றால் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் (யு ஆப்ஷனோடு), ஃபெடோரா என்றால் ட்ராகட் (எஃப் ஆப்ஷனோடு), ஆர்ச் என்றால் எம்கே இனிட்சிபியோ (பெரிய பி ஆப்ஷனோடு) ஓட்டிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

இன்னும் ஏறுகிறதா? அப்படியென்றால் கோப்புகளை மாற்றிக்கொண்டே இருக்காமல் பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனு திரையில் ஈ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் மாட்யூல் அடிக்கோடு பிளாக்லிஸ்ட், சமக்குறி, நூவோ என்று சேர்த்து பூட் செய்யுங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன், ஏனென்றால் இங்கே மறுப்பது கெர்னலே. யார் கேட்டாலும், எந்த வழியில் கேட்டாலும் ஏற்றாது, இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டவும் வேண்டாம். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் செல்லும் என்பதால் திரை கறுத்துப் போனாலும் பயமில்லை, அடுத்த ரீபூட்டில் பழையபடி வந்துவிடும். தவிர, ஏற்ற முயற்சி நடந்தால் அந்த மாட்யூல் பிளாக்லிஸ்ட்டில் உள்ளது என்று கெர்னல் லாகில் ஒரு வரி நேரத்தோடு விழும். ரூட் டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு முன்பே அந்த வரி வந்திருந்தால், கூப்பிடுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான்.

நிரந்தரமாக வேண்டுமானால் இதே பாராமீட்டரை க்ரப் அமைப்பில் எழுதிவிடலாம். அல்லது கான்ஃப் கோப்பில் பிளாக்லிஸ்ட் வரிக்குக் கீழே இன்ஸ்டால் என்ற சொல், மாட்யூல் பெயர், ஃபால்ஸ் நிரலின் முழுப் பாதை மூன்றையும் ஒரே வரியில் எழுதலாம். அப்போது மாட்ப்ரோப் மாட்யூலை ஏற்றுவதற்குப் பதிலாக ஃபால்ஸை ஓட்டித் தோல்வி என்று திரும்பும், வேறொரு மாட்யூலின் தேவைக்காக இழுக்கப்பட்டாலும் இதே கதிதான். டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர்கள் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து இதில்தான் மாட்டுவீர்கள். அந்தக் கார்டில் எச்டிஎம்ஐ ஒலிக்கு ஒரு தனிச் சாதனம் இருக்கும், அதை எஸ்என்டி எச்டிஏ இன்டெல் என்ற ஒலி டிரைவர் பிடித்துக்கொள்ளும். உங்கள் கணினியின் சொந்த ஒலியும் பெரும்பாலும் அதே டிரைவரில்தான் ஓடும், ஆக அதைத் தடை செய்தால் இரண்டும் போய்விடும். தடை என்பது டிரைவருக்குத்தான், சாதனத்துக்கு இல்லை. இங்கே செய்ய வேண்டியது, சாதனத்தை விர்ச்சுவல் மெஷினுக்காகப் பிடித்து வைக்கும் விஎஃப்ஐஓ பிசிஐ டிரைவரை முந்தவிடுவது: அதன் ஐடிஸ் ஆப்ஷனில் கார்டின் இரண்டு சாதன எண்களையும் கொடுத்து, ஒலி டிரைவருக்கு முன்பே விஎஃப்ஐஓ ஏற வேண்டும் என்று ஒரு சாஃப்ட்டெப் வரி எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டுங்கள். நூவோவுக்கும் அதே மாதிரி ஒரு சாஃப்ட்டெப் வரி எழுதினால் அதைத் தடை செய்ய வேண்டிய தேவையே இருக்காது, என்னைக் கேட்டால் அதுதான் சுத்தமான வழி.

ரீபூட் ஆனதும் எல்எஸ்பிசிஐயை கே ஆப்ஷனோடு ஓட்டி, இரண்டு சாதனங்களுக்கும் பயன்பாட்டில் உள்ள டிரைவர் விஎஃப்ஐஓ பிசிஐ என்று வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அந்த வரிகளையும் உங்கள் கான்ஃப் கோப்பையும் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.