பிரிட்டனின் பென்ட்லி கம்பெனி செய்த பழைய கான்டினென்டல் காருக்கும் இன்றைய கான்டினென்டல் ஜிடிக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை உண்டா?

உண்டு. பின் சக்கரத்துக்கு மேலே பாருங்கள். 1952-இல் வந்த ஆர் டைப் கான்டினென்டலில் அந்த இடத்தில் தகடு தோள்போல எழும்பி வால்வரை சரிந்து இறங்கும். 2003-இல் வந்த ஜிடியிலும் அந்தத் தோள் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் விட்டுவிடவில்லை.

மற்றபடி இரண்டும் எதிரெதிர். காரணம் எடை.

1951-இல் முன்மாதிரி செய்தபோது பொறியாளர்களுக்குத் தலைவலி தந்தது டயர்தான். நான்கு பேர், பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றிக்கொண்டு மணிக்கு 185 கி.மீ.க்கு மேல் விடாமல் ஓடினால் அன்றைய டயர் தாங்காது. ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் எடையைச் சுரண்டினார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு எச். ஜே. முல்லினர் என்ற, கார் உடல் கட்டும் கம்பெனி கட்டிய உடல் அலுமினியம். இருக்கைச் சட்டம்கூட இலேசான உலோகம். எல்லாம் சேர்ந்து சுமார் 1,700 கிலோ. ஆறு சிலிண்டர், 4.6 லிட்டர் எஞ்சின். அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்று கம்பெனி வாயே திறக்கவில்லை! மொத்தம் 208 வண்டிதான் செய்தார்கள்.

2024-இன் ஜிடி ஸ்பீடு 2,459 கிலோ. அதாவது பழைய வண்டியின் முதுகில் ஒரு மாருதி 800-ஐ ஏற்றினாலும் இந்த எடை வராது. அந்தப் பாரத்தை வி8 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 782 குதிரைத்திறனில் இழுக்கின்றன. நூறைத் தொட 3.2 வினாடி, உச்ச வேகம் மணிக்கு 335 கி.மீ. பிரிட்டன் நெடுஞ்சாலையிலோ 112-தான் வரம்பு. 1952-இல் ஊருக்கு வெளியே வரம்பே கிடையாது, ஆனால் அங்கே மோட்டார்வே எனும் விரைவுச்சாலையும் கிடையாது. முதலாவது திறந்தது 1958-இல். பிரான்சுக்குப் போய் ஓட்டலாம் என்றால், வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஒருவர் கொண்டுபோக அந்த ஆண்டு அனுமதித்த பணம் வெறும் 25 பவுண்டு. ஐரோப்பியப் பெருநிலத்தைக் குறிக்கும் கான்டினென்டல் என்று பெயர் வைத்துவிட்டு!

இரண்டிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஓட்டியதில்லை. பழையதில் கியர்த் தண்டு ஓட்டுநரின் வலக்கைப் பக்கம், கதவோரம். சேசிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, எண்ணெய் விட உள்ளேயே ஒரு மிதி. பிரேக்குக்குத் துணைபோகும் செர்வோவைச் சுழற்றுவது கியர்பாக்ஸ். வண்டி ஊர்ந்தால் அதுவும் ஊரும், பிரேக் ஒரு கணம் பிந்திப் பிடிக்கும். வண்டிக்காரர் பின்னால் எடுத்து நிறுத்தும்போது, சுவர் நெருங்க நெருங்க என் காலும் தானாக அழுந்தியது. புதியதிலோ அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். நெடுந்தூர வண்டிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா, தெரியவில்லை.

எனக்கு எது வேண்டும் என்றால், லண்டனிலிருந்து தென் பிரான்சின் நீஸ் நகர் வரை ஜிடி. நீஸுக்கு மேலே உள்ள மலைப்பாதைக்கு மட்டும் பழையது, அதுவும் வேறு யாராவது பெட்ரோல் போட்டால்.