ஸ்டீராய்டு மாத்திரை போட்டதுல இருந்து அம்மா ஆளே மாறிட்டாங்க, நிறுத்திடலாமா டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. நெத்திப்பொட்டு ரத்தக்குழாய்ல அழற்சின்னு ப்ரெட்னிசோலோன் தினம் 60 மில்லிகிராம் குடுத்திருக்காங்க, மூணு வாரம் ஆச்சு. முதல் வாரத்துலயே தூக்கம் போச்சு, விடிய விடிய பேசுறாங்க, திடீர்னு அழுறாங்க. முன்னாடி இப்படி இருந்ததே இல்ல. மனநோயா?

பதில்: முதல்ல ஒண்ணு, மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்கம்மா. இந்த நோய்ல சிகிச்சை விட்டுப்போனா கண் பார்வையே போயிடலாம், அது திரும்ப வராது. அதோட மூணு வாரமா வெளியில இருந்து ஸ்டீராய்டு வர்றதால சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பி, கார்டிசால்ங்கற உடம்போட சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைச்சிருக்கும், சட்டுனு நிறுத்தினா பிபி இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்துங்கற அளவுக்குக் கூட போகலாம்.

நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா மாத்திரையோட விளைவு மாதிரிதான் தெரியுது. இந்த மாத்திரை கார்டிசால் மாதிரியே வேலை செய்யுது. கார்டிசால் மூளைக்குள்ளயும் வேலை செய்ற ஹார்மோன், ஞாபகத்துக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ்ல அது போய் ஒட்டுற ஏற்பிகள் நிறைய இருக்கு, அதனால அளவு கூடினா தூக்கம், மனநிலை, ஞாபகம் மூணும் ஆடும். உடம்பே கார்டிசாலை அதிகமா சுரக்கிற குஷிங் நோய்லயும் நிறைய பேருக்கு டிப்ரஷன் வருது. டோஸும் முக்கியம், 1972ல வந்த ஒரு பெரிய ஆய்வுல தினம் 40 மில்லிகிராம் வரைக்கும் எடுத்தவங்கள்ல 1.3 சதவீதம் பேருக்குத்தான் மனநல பாதிப்பு, 80க்கு மேல போனவங்கள்ல 18 சதவீதத்துக்கும் மேல. அம்மா நடுவுல இருக்காங்க. யார் மேலயும் தப்பில்ல, அவங்க மனசு பலவீனமும் இல்ல, இதை அவங்க கிட்டயே சொல்லுங்க, பாதி பயம் போயிடும்.

எல்லா ஸ்டீராய்டும் மனசைக் கெடுக்கும்னும் நினைக்காதீங்க. உடம்புலயே உருவாகுற அலோப்ரெக்னனோலோன்ங்கற ஸ்டீராய்டு மூளையை அமைதிப்படுத்தும், பிரசவத்துக்குப் பின்னாடி வர்ற டிப்ரஷனுக்கு அதையே மருந்தா 2019ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க.

இப்ப செய்ய வேண்டியது, மாத்திரை எழுதின டாக்டரை நாளைக்கே பாருங்க, எத்தனை மணி நேரம் தூங்குறாங்க, என்ன பேசுறாங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. மொத்த டோஸையும் காலையிலயே குடுக்கலாமா, மெல்ல மெல்ல எப்படிக் குறைக்கிறதுன்னு அவர் பார்ப்பார், தேவைப்பட்டா மனநல டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை சேர்ப்பார். டோஸ் குறையக் குறைய பெரும்பாலானவங்க பழையபடி ஆயிடுறாங்க, ஆனா சில வாரம் பிடிக்கலாம். ராத்திரி தனியா விடாதீங்க, வாக்குவாதம் வேண்டாம். இல்லாத ஆள் தெரியுது, குரல் கேக்குதுன்னாலோ, சாகணும்னு பேசினாலோ நாளைக்குன்னு காத்திருக்காதீங்க, அப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, மாத்திரை சீட்டு கையில இருக்கட்டும்.