டிரம்மர் இல்லாத மேடை

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு வருடமாக பேஸ் கிடார் பழகுகிறான். கட்டைவிரலால் தந்தியைப் படார் படாரென்று அடிக்கிறான். கேட்டால் ‘ஸ்லாப்’ என்கிறான், லாரி கிரஹாம்தான் ஆதிகுரு என்கிறான். எனக்கு இது வெறும் வித்தை காட்டுவதாகவே படுகிறது. இதில் சங்கீதம் இருக்கிறதா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. அந்த அடி எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன்.

1946இல் டெக்சாஸில் பிறந்த லாரி கிரஹாம், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தவர். பதின்வயதிலேயே அம்மாவின் இசைக்குழுவில் சேர்ந்து இரவு விடுதிகளில் வாசித்தார். அம்மா பியானோ வாசித்துப் பாடுவார். மகன் கிடார் வாசித்தபடியே, ஆர்கன் என்னும் கீபோர்டு வாத்தியத்தின் பெடல்களைக் காலால் மிதித்துக் கீழ்ச்சுரங்களையும் கொடுப்பார். ஒருநாள் ஆர்கன் பழுதானது. சரியாகும்வரை சமாளிக்கலாம் என்று பேஸ் கிடார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஆர்கன் சரியாகவேயில்லை. பிறகு குழுவில் டிரம்மரும் இல்லாமல் போனார். மேடையில் அம்மாவும் மகனும் மட்டும்.

தாளத்துக்கு என்ன செய்வது? தடித்த தந்தியைக் கட்டைவிரலால் குத்தினார், அது டிரம் செட்டில் கனத்த ஒலி தரும் பேஸ் டிரம் ஆனது. மெல்லிய தந்தியை விரலால் கொக்கிபோல் இழுத்துவிட்டார். அது திரும்பிவந்து உலோக மெட்டுகளில் மோதிச் சுளீரென்றது, அது கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் நான்கு தந்திகளுக்குள் வந்து உட்கார்ந்தது போல என்று உங்களுக்குச் சொன்னால் புரியும். சுரத்தையும் தாளத்தையும் ஒரே கை பார்த்துக்கொண்டது.

அவர்கள் வாசிப்பில் மயங்கிய ரசிகை ஒருவர், அப்போது வானொலி அறிவிப்பாளராக இருந்த ஸ்லை ஸ்டோனுக்குத் தொலைபேசியில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஸ்லை நேரில் வந்து கேட்டார், தன்னுடைய ‘ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்’ இசைக்குழுவுக்கு கிரஹாமை அழைத்துக்கொண்டார். 1969 இறுதியில் வெளிவந்த அக்குழுவின் ‘தேங்க் யூ’ பாட்டை முதன்முதலில் கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். முழுப் பாட்டும் அந்தக் கட்டைவிரலின் மேல் நிற்கிறது. அடுத்த ஆண்டு அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

1972இல் கிரஹாம் அக்குழுவிலிருந்து விலகி ‘கிரஹாம் சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 1980இல் மெதுவான காதல் பாட்டொன்றைத் தன் கனத்த குரலில் பாடி வெற்றி கண்டார். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் அவரை அழைத்துத் தன்னோடு வாசிக்க வைத்தார். மார்கஸ் மில்லர், ஃப்ளீ, விக்டர் வூட்டன் என்று பேஸ் கலைஞர்களின் பெரிய வரிசையே அவர் விரலைப் பின்பற்றி வந்தது.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பின்னால் வந்த பலர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிரஹாம் வேகக்காரர் அல்லர். அடிக்கும் அடிக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியில்தான் கால் தானாக ஆடுகிறது.

‘எவ்ரிடே பீப்பிள்’ என்று ஸ்லை குழுவினருடைய இன்னொரு பாட்டு இருக்கிறது. கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், பேஸ் கிடாரின் கீழ்ச்சுரங்கள் அதில் எழாது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பாட்டு முழுவதும் கிரஹாம் வாசிப்பது ஒரே ஒரு சுரம். மற்ற எல்லாமும் அதன் மேல் மாறிக்கொண்டே போகின்றன. அதை முதலிலிருந்து கடைசிவரை தாளம் நழுவாமல் வாசித்துக் காட்டும்படி மகனிடம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.